ரொட்டி அடுப்பில் ஐந்து டப்பா மண்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்ணாங்கட்டி எழுதுகிறேன். இங்கே நான் நலம். இருமல் போய்விட்டது, தூசிதான் போகவில்லை. நீ, அண்ணி, அப்பா எல்லோரும் சுகமா? அப்பா உங்களோடு உட்கார்ந்துதானே சாப்பிடுகிறார்? "அவரைத் தனியா சாப்பிட விட்டுடாதீங்க" என்று அம்மா கடைசியாக நம் இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் அந்தப் பொறுப்பு முழுக்க உன் தலையில். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் இதைக் கேட்டு உன்னை நச்சரிக்கப் போகிறேன்.

இந்த ஆராய்ச்சி நிலையத்தில் கைபேசி வெறும் கடிகாரம்தான். சிக்னலுக்குக் குன்றின் மேல் ஏற வேண்டும், ஏறினால் காற்று பேச்சை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்பாவுக்கோ போனில் ஒன்றும் காதில் விழாது. ஆகவே கடிதம்.

அங்கே அப்படி என்னதான் வேலை என்று அண்ணி கேட்டார்களாமே. மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அந்தத் தண்ணீர் எப்படி நகரும் என்று கணினியில் மாடல் போடுகிறேன். ஈர மண்ணுக்குப் பழைய சமன்பாடுகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. மண் ரொம்பக் காய்ந்துவிட்டால் அவை கையை விரித்துவிடும். ஓர் அளவுக்குக் கீழே "இனி தண்ணீர் அசையாது" என்று பூஜ்யம் போட்டுவிட்டு எழுந்து போய்விடும். அசைகிறது என்பதுதான் என் கட்சி. அதை டிசம்பருக்குள் காட்டாவிட்டால் எங்கள் பிரிவுக்குப் பூட்டு.

எனக்கு வேண்டியது பல வருஷம் மழை படாத மண். நேற்றுப் பல் தேய்க்கும்போது சட்டென்று நம் கொட்டகை ஞாபகம் வந்தது. அப்பா அதற்குத் தகரம் போட்டபோது எனக்கு ஐந்து வயது. வீடு முழுக்க சிமென்ட் பூசிய மனிதர், அதை மட்டும் மண் தரையாகவே விட்டுவிட்டார். குழாய் ஃபிட்டர் வீட்டில் பாதி வேலைதான் நடக்கும் என்று அம்மா கேலி செய்வாள். அந்தச் சோம்பேறித்தனம் இப்போது எனக்கு லாபம். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு சாண் ஆழத்தில் தோண்டி, ஐந்து டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் டேப் சுற்றி அனுப்பு.

இதை அப்பாவின் நல்ல காது பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படி: "பாப்பா நல்லா இருக்கேன்பா. ராத்திரி ஸ்வெட்டர் போட்டுக்கங்க."

உன் தங்கை

மார்ச் 29

அன்புத் தங்கை மண்ணாங்கட்டிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை.

ஊர் உலகத்தில் தங்கைகள் துணி கேட்பார்கள், நகை கேட்பார்கள். நீ மண் கேட்கிறாய். அப்பா காலாற நடக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தோண்டினேன். உளியெல்லாம் அவர் பெட்டியில் இருந்ததால் மாவு வழிக்கும் தகட்டைத்தான் பிடித்தேன். "ரொட்டிக்கு மாவு விலை ஏறிடுச்சுன்னு மண்ணுல இறங்கிட்டீங்களா?" என்று உன் அண்ணி வாசலில் நின்று சிரித்தாள். ஐந்தும் பிஸ்கட் டப்பா. ஒவ்வொன்றிலும் எந்த மூலை என்று எழுதியிருக்கிறேன். டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன்.

கடையில் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்பதால் பன் போட்டு மாளவில்லை. ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். இரண்டாவது அடுப்புக்கு இடம் தேடினேன், இப்போதைக்கு அந்தப் பேச்சு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். டப்பாக்கள் பத்திரமாக வந்தன. திறந்ததும் நம் வீட்டு வாசனை. பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட வெட்கப்படாமல் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நான்கு டப்பா தங்கம். தராசில் நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுத்தால் ஏறக்குறைய அதே எடை. கதவோர மூலை டப்பா மட்டும் காலை வாரிவிட்டது. கைக்குக் காய்ந்த மண்தான், ஆனால் மற்றதைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் இருக்கிறது. டேப் சுற்றும்போது யாரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தாய்? வழியில் ஈரக்காற்று புகுந்திருக்க வேண்டும். தயவுசெய்து இன்னொரு தடவை ஐந்து டப்பா அனுப்பு. ஒன்று தப்பாக இருந்தால் குழுவில் ஐந்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

ஒன்று கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. அப்பா யாரோடு சாப்பிடுகிறார்? நான் எழுதியதைப் படித்துக் காட்டினாயா? என்ன சொன்னார்?

உன் தங்கை

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு. இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மாவு பிசையும் ஆள் நின்றுவிட்டான், நானே பிசைந்து தோள்பட்டை கழன்றுவிட்டது.

அரட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. தகரம் எங்காவது ஒழுகியிருக்கும். புதிதாக ஐந்து டப்பா அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அதற்கு நான் உத்தரவாதம்.

தோண்டிக்கொண்டிருந்தபோது அந்த நாள் நினைவெல்லாம் வந்துவிட்டது. மழை தகரத்தில் கொட்டும்போது நாம் இருவரும் உள்ளே கடை போடுவோமே. நான் முதலாளி, நீ ஒரே வாடிக்கையாளர். மண்ணைச் சலித்து, எச்சில் தொட்டு, தேங்காய் ஓட்டில் அமுக்கிக் கேக் போடுவேன். மற்ற பிள்ளைகள் சாப்பிடுவது போல நடிப்பார்கள். நீ நிஜமாகவே தின்றுவிடுவாய். அன்றைக்கு வைத்த பெயர்தான் உனக்கு இன்றுவரை. அப்பா வேலை முடிந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் கதவைத் தட்டி, "கடை திறந்தாச்சா?" என்று கேட்பார். பாக்கெட்டிலிருந்து ஒரு வாஷரை எடுத்துக் காசு என்று நீட்டுவார். அந்த வாஷர்களை ஒரு புட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். இன்றைக்கு நிஜக் காசு வாங்கிப் போடுகிறேன், கல்லாவில் அந்தச் சத்தம் கேட்பதில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? உனக்கு எழுதுகிறேன்.

அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார்.

அண்ணன்

ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

டப்பாக்களைத் திறந்தேன். மண் கொஞ்சம் கறுத்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மண் குடிக்கவில்லை. சொட்டு முத்து மாதிரி உருண்டு மேலேயே உட்கார்ந்திருந்தது. நல்ல சூட்டில் வெந்த மண்தான் அப்படித் தண்ணீரை ஒதுக்கும். மூன்றாவது டப்பாவில் ஒரு எள் கிடந்தது. பொன்னிறமாக வறுபட்ட எள்.

என் ஆராய்ச்சி மண்ணை நீ பன் அடுப்பில் வைத்து எடுத்திருக்கிறாய்! நாங்களும் மண்ணை அடுப்பில் வைப்போம், நூற்றைந்து டிகிரியில், பூப்போல. உன் அடுப்பு அதைப் போல் இரண்டு பங்கு. பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன், அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. நீ மண்ணில் ஏமாற்றுகிற ஆள் இல்லை. எதையோ மறைக்கத்தான் சுட்டிருக்கிறாய்.

அடுப்பு தண்ணீரை விரட்டும். உப்பை விரட்டாது. கதவோர டப்பாவைக் கரைத்துப் பார்த்தேன். முதல் தடவை வந்ததிலும் இரண்டாவது தடவை வந்ததிலும் ஒரே மாதிரி சோப்பின் உப்பு. தகரம் ஒழுகினால் சோப்பா ஒழுகும்? அந்த மூலையில் யாரோ தினமும் முகம் கழுவுகிறார்கள். மாதக்கணக்காகக் கழுவுகிறார்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அப்பா கொட்டகையிலா இருக்கிறார்?

தங்கை

ஜூலை 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். இவரை நம்பினால் கதைக்கு ஆகாது என்று நானே உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம். மாமா கொட்டகையில்தான் இருக்கிறார். அத்தை போய் ஒரு வருஷம் ஆன சமயம், இரண்டாவது அடுப்புக்காகக் கொட்டகையை இடித்துவிடலாம் என்று உன் அண்ணன் கொத்தனாரை அழைத்துக்கொண்டு வந்து அளந்தார். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இவர் தப்பு. மாமா நேரே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டார். "இடிக்கணும்னா என்னையும் சேர்த்து இடி"ன்னார். "இருந்துக்கோங்க, உங்க அரண்மனை"ன்னார் இவர். அந்தச் சண்டை மாமா தப்பில்லை, இவர் தப்பில்லை, நுனியிலேயே கோபத்தை வைத்திருக்கும் இந்த வீட்டு மூக்கின் தப்பு. அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் நிற்கிறது. ஏன் இந்தப் பிடிவாதம் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார்.

சாப்பாட்டுத் தட்டை நான்தான் கொண்டுபோகிறேன். தனியாகத்தான் சாப்பிடுகிறார். உனக்குத் தெரிந்தால் வேலையை உதறிவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று இவர் மறைத்தார். அத்தைக்குக் கொடுத்த வாக்கு வேறு இவரை உறுத்துகிறது. இப்போது மழை வேறு, மாமாவுக்கு இருமல்.

முகம் கழுவும் பக்கெட் சுவரோரம் இருக்கிறது, கழுவிய தண்ணீர் அங்கேயே தரையில் விழுகிறது. இவர் அதிலிருந்து இரண்டடி தள்ளித்தான் தோண்டினார். "அங்கே மண்ணு பொடிப்பொடியா உதிருது, அவ்வளவு தூரம் தண்ணி எப்படிப் போகும்?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

நீ அப்பாவுக்கு எழுதும் வரிகளை நான் படித்துக் காட்டுகிறேன். "சரி" என்று மட்டும் சொல்வார். காகிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

அண்ணி

ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். வணக்கம். இருமல் எப்படி இருக்கிறது? கஷாயம் குடித்தீர்களா, சட்டம் பேசினீர்களா?

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அண்ணன் மேலும் கோபம். அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் என் வேலை.

நீங்கள் முகம் கழுவிய தண்ணீர் என்ன செய்திருக்கிறது தெரியுமா? எல்லாப் புத்தகமும் "அசையாது" என்று சொன்ன காய்ந்த மண்ணில் அது இரண்டடி நடந்திருக்கிறது. ஆவியாக மட்டும் போயிருந்தால் சோப்பு உப்பும் அதோடு போயிருக்காது. மண் துகள்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக, தண்ணீராகவே ஊர்ந்து போயிருக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று தெரியாமல் மாடலில் போட முடியாது. எனவே உண்மையைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

என் வேலைக்கு நீங்கள் அங்கேயே இருந்து தினமும் முகம் கழுவுவதுதான் நல்லது. எனக்கு நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. மாடல் தோற்றால் தோற்கட்டும். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

அண்ணன் ஜூன் மாதம் எழுதிய கடிதத்திலிருந்து ஒரு பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவனைக் கேட்காமல் வைக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள். அண்ணியைப் படிக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் பாப்பா

ஆகஸ்ட் 19

பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இருமல் தேவலை. கை நடுக்கம், எழுத்துக் கோணல்.

உன் அம்மா போய் வருஷம் முடிந்த மறுநாள் கட்டில் போட்டேன். காலையில் ஒரு மக், சாயங்காலம் ஒரு மக். மனசு சரியில்லாத அன்றைக்குச் சாயங்காலம் கழுவவில்லை. அது எத்தனை நாள் என்று கேட்காதே.

சோம்பேறித்தனத்தால் சிமென்ட் பூசவில்லை என்று நீ எழுதியதை மருமகள் படித்தாள். அப்போதே சிமென்ட் மூட்டை வாங்கி வந்து இறக்கியாகிவிட்டது. உன் அம்மாதான், "பூசிட்டா அவன் எங்கே கடை போடுவான்?" என்று கேட்டாள். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரன் ஏளனமாகச் சிரித்தான்.

அவன் முதல் கடை அது. அதை அவனே ஆள் வைத்து அளந்தான். மறந்துவிட்டான் என்று நினைத்தேன். நான் சொல்லி அவனுக்கு ஞாபகம் வருவதானால் அது எதற்கு என்று சும்மா இருந்தேன். வாஷரைப் புட்டியில் சேர்த்து வைத்தான் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தேன். என் வாயும் கொஞ்சம் நீளம்தான்.

இதை உன் அண்ணனிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கும்படி மருமகளிடம் சொல்லப் போகிறேன். உறையை ஒட்டவில்லை. என்னிடம் பசை இல்லை.

அப்பா

செப்டம்பர் 5

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எல்லோரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

அப்பாவின் கடிதம் இதோடு இருக்கிறது. உன் அண்ணி கொண்டுவந்து நீட்டினாள். உறை திறந்திருந்தது. பசை இல்லையாம்! பேக்கரி வீட்டில் மாவுப் பசைக்கா பஞ்சம்? கல்லாவில் உட்கார்ந்தபடி படித்தேன். வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அழுகையை அடக்க முடியவில்லை. என் பக்கத்தை நீ அனுப்பியதற்கு உன்னைத் திட்ட வேண்டும். பிறகு திட்டுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் தட்டை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு தட்டு. கொட்டகை வாசலுக்குப் போய் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் காலை எடுத்து உள்ளே வைக்கத் தைரியம் வரவில்லை. மாதக்கணக்காகப் பேசாத மனிதரிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது? மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அவருக்குப் பிடிக்காது. சாப்பாடு என்றால் உன் அண்ணி எங்கே என்பார். கையில் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்தது அவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. திரும்பாமலே கேட்டார்:

"கடை திறந்தாச்சா?"

"ம்" என்றேன். மண் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். "உப்பு கம்மி" என்றார். "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தட்டு காலியானபோது அவர் பாக்கெட்டைத் தடவினார். ஒரு வாஷர் வெளியே வந்தது. வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் அவர் சட்டையில் வாஷர் இருக்கிறது.

கட்டில் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு பக்கம் நான் தூக்கினேன், மறுபக்கம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவரே தூக்கினார். இரண்டாவது அடுப்பைக் கடையின் முன்பக்கமே இழுத்துவிட்டேன், இடம் கொஞ்சம் நெருக்கடி. காலையும் சாயங்காலமும் மட்டும் மக்கோடு கொட்டகைக்குப் போகிறார். "பாப்பா கணக்கு நின்னுடக் கூடாது" என்கிறார்.

புதிய டப்பா மூன்று. பக்கெட்டிலிருந்து ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று எடுத்திருக்கிறேன். எதையும் சுடவில்லை.

அண்ணன்

நவம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் உன் கையெழுத்திலேயே தெரிந்துவிட்டது. பழையபடி கோழி கிறுக்கல்.

அப்பா சொன்ன நாளையும் மக்கையும் போட்டு மாடலை ஓட்டினேன். மனசு சரியில்லாத சாயங்காலங்களுக்கு உத்தேசமாக ஒரு கழிவு வைத்தேன். அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். "அந்த வீட்டுப் பெண் என்பதால் தெரியும்" என்று சொல்ல வாயெடுத்து, "நேரடித் தகவல்" என்று சொன்னேன். பழைய சமன்பாடு தண்ணீரை ஓரடியிலேயே நிறுத்தியது. என்னுடையது உன் மூன்றடி டப்பாவரை சரியாகச் சொன்னது. பிரிவுக்குப் பூட்டு இல்லை. வேலை தொடர்கிறது.

டிசம்பரில் பதினைந்து நாள் விடுப்பு. அப்பாவிடம் சொல், இனி முகத்தை வீட்டிலேயே கழுவலாம், தண்ணீர் போதும். அம்மாவிடம் கொடுத்த வாக்கில் என் பங்குக்கு ஒரு தட்டு பாக்கி இருக்கிறது. நாலு பேரும் கொட்டகையிலேயே உட்காரலாம்.

கடையைத் திறந்து வை. இந்தத் தடவை நடிப்பேனா தின்பேனா என்று இப்போதே சொல்ல முடியாது.

உன் மண்ணாங்கட்டி